பார்வைக்கு மட்டும் ஒரு சாவி

சென்ற திங்கள் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, அன்பர்கள் காப்பி அருந்திவிட்டுக் கலைந்துகொண்டிருந்த வேளை. ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டு மாடிப்படியின் பக்கம் அழைத்துச் சென்றார். ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு எழுதியவர் அவர். கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் இரவு முழுவதும் விழித்திருந்து அதைக் கண்டுபிடித்த பின்னரே எழுவார் என்று இன்றும் அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

"தம்பி, நான் ஏமாந்துவிட்டேன்" என்றார்.

பேத்தியின் கல்லூரிப் படிப்புக்கென்று ஒதுக்கிய பணத்தில் 1,60,000 ரூபாயை எடுத்து, அவர் ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் பிட்காயின் வாங்கி வைத்திருந்தார். வருமான வரிக் கணக்குக் கொடுக்க வேண்டிய காலம் வந்தது. கைப்பேசிக் குழு ஒன்றில் அறிமுகமான ஒருவன், "உங்கள் கணக்கை நான் தயாரித்துத் தருகிறேன், கடவுச்சொல் வேண்டா, ஓ.டி.பி.யும் வேண்டா, ஏ.பி.ஐ. சாவி ஒன்று உண்டாக்கிக் கொடுத்தால் போதும்" என்றானாம். கடவுச்சொல்லைக் கேட்காதவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று இவரும் நம்பினார்.

சாவி உண்டாக்கும் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. பார்த்தல், வாங்குதல் விற்றல், வெளியே எடுத்தல் என்பன அவை. மூன்றிலும் குறியிடச் சொன்னான் அவன். பெரியவர் அவ்வளவுக்கு ஏமாளி அல்லர். "வெளியே எடுக்கும் உரிமையை மட்டும் எவனுக்கும் தரமாட்டேன்" என்று உறுதியாகச் சொல்லி, முதல் இரண்டு கட்டங்களில் மட்டுமே குறியிட்டார். அவனும் மறுப்புச் சொல்லாமல் ஒப்புக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் காலையில் அவர் கணக்கைத் திறந்து பார்த்தபோது பிட்காயின் இல்லை. அதன் இடத்தில் பெயர் கேட்டறியாத ஏதோ ஒரு நாணயம் குவிந்து கிடந்தது. அதன் மதிப்பு 14,000 ரூபாய்க்கும் குறைவு.

"பணம் வெளியே போகவே இல்லை, தம்பி. வெளியே எடுக்கும் உரிமையை நான் கொடுக்கவும் இல்லை. ஆனாலும் பணம் இல்லை. இது எப்படி?" என்று கேட்டார். வாழ்நாள் முழுவதும் கணக்குகளைச் சரிபார்த்த ஒருவர், தம் சொந்தக் கணக்கின் முன் திகைத்து நின்றதைக் காண எனக்கு நெஞ்சு வலித்தது.

"வீட்டில் இன்னும் சொல்லவில்லை. என் பெயரை எழுதாதே. ஆனால் நடந்ததை நம் பத்திரிகையில் எழுது. இன்னொரு வீட்டில் இது நடக்க வேண்டா" என்றார். அவர் கட்டளையின்படியே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு விளக்கம். கிரிப்டோ நாணயம் வாங்குங்கள் என்று சொல்ல எழுந்த கட்டுரை அன்று இது. ரயில்வே ஊழியர் எவரும் பங்குகளிலோ பிற முதலீடுகளிலோ ஊக வாணிபம் செய்யலாகாது என்று 1966-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் கூறுகின்றன. எனக்கு அந்த விதி உண்டு; ஆகவே எனக்கு அத்தகைய கணக்கும் இல்லை. தனியார் கம்பெனியில் பணிபுரியும் என் தம்பிக்கு உண்டு. அவனுடைய வரிக் கணக்கை ஒழுங்கு செய்யும் வேலை இரண்டு ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருப்பதால், இந்தச் சாவியின் சங்கதியை நான் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

சாவி ஏன் தேவைப்படுகிறது?

வங்கியில் பணம் போட்டவனை எவரும் ஏ.பி.ஐ. சாவி கேட்பதில்லை. கிரிப்டோ வைத்திருப்பவனை மட்டும் ஏன் கேட்கிறார்கள்? அதற்கு முக்கியமான காரணம் வரிச் சட்டம்.

நம் நாட்டில் 1-4-2022 முதல் கிரிப்டோ நாணயங்களை விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீத வரியும், அதன் மேல் 4 சதவீதத் தீர்வையும் உண்டு. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க இடமில்லை. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொரு நாணயத்தில் வந்த லாபத்தோடு சரிக்கட்டவும் இயலாது; அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லவும் இயலாது. ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொரு நாணயத்தை மாற்றிக்கொண்டாலும் அது விற்பனையே. 1-7-2022 முதல், விற்கும் தொகையில் 1 சதவீதத்தை முன்கூட்டியே பிடித்தம் செய்யும் முறையும் வந்தது.

இதன் விளைவு யாதெனில், ஆண்டு முழுவதற்கும் ஒரே கூட்டுத்தொகை எழுதினால் போதாது. ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, விற்ற தொகை ஆகியவற்றைத் தனித்தனியே காட்ட வேண்டும். என் தம்பி ஓர் ஆண்டில் செய்த சிறுசிறு பரிவர்த்தனைகள் நானூறுக்கு மேல். அவற்றைக் கையால் எழுத உட்கார்ந்தால் ஆடியில் தொடங்கி ஐப்பசியில்தான் முடிப்போம். ஆகவே வரிக் கணக்குத் தயாரிக்கும் செயலிகள் தோன்றின. எக்ஸ்சேஞ்சில் உள்ள பதிவுகளை அச்செயலி தானே சென்று படித்து வருவதற்காகக் கேட்கப்படுவதுதான் ஏ.பி.ஐ. சாவி.

வேறொரு தேவையும் உண்டு. பிழைப்புக்காக வடக்கே வந்த நம் குடும்பங்களில் தந்தை ஓர் ஊர், மகன் ஓர் ஊர், கணக்குப் பார்ப்பவர் ஓர் ஊர் என்று சிதறிக் கிடக்கிறோம். பெங்களூரில் இருக்கும் மகனுக்குத் தந்தை தம் கடவுச்சொல்லை வாட்ஸப்பில் எழுதி அனுப்பிவிடுகிறார். அது வீட்டையே எழுதிக் கொடுப்பதற்குச் சமம். கணக்கைப் பார்க்க மட்டும் வேண்டும் என்றால், பார்க்க மட்டும் உதவும் சாவியைக் கொடுப்பதே முறை.

சாவி என்பது யாது?

எங்கள் நிலையங்களுக்கு டி.ஐ.ஏ. என்று நாங்கள் குறிப்பிடும் பயணக் கணக்குப் பரிசோதகர் வருவார். டிக்கெட்டுப் புத்தகத்தைக் கேட்டால் காட்ட வேண்டும். தினசரி வசூல் பதிவேட்டைக் கேட்டால் விரிக்க வேண்டும். ரொக்கத்தை எண்ணிக் காட்டச் சொன்னால் எண்ணிக் காட்ட வேண்டும். அவர் கண்ணுக்கு எதையும் மறைக்க முடியாது. ஆனால் இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு காசையும் எடுத்துப் போகும் உரிமை அவருக்கு இல்லை. டிக்கெட்டு விற்கும் உரிமையும் இல்லை. பார்ப்பது ஓர் உரிமை. கையாள்வது வேறோர் உரிமை. இந்த வேற்றுமைதான் இக்கட்டுரையின் சாரம் முழுவதும்.

கடவுச்சொல்லில் இந்த வேற்றுமை கிடையாது. அதை வைத்திருப்பவன் கணக்குக்கு உடையவனைப் போலவே உள்ளே நுழைகிறான். ஏ.பி.ஐ. சாவியோ இன்ன வேலைக்கு மட்டும் என்று வரையறுத்துக் கொடுக்கக் கூடியது. மனிதன் கையால் தட்டி நுழைவதற்கன்றி, ஒரு யந்திரம் இன்னொரு யந்திரத்திடம் விவரம் கேட்பதற்காக ஏற்பட்டது அது.

சாவி என்று ஒருமையில் சொன்னாலும், அது இரண்டு பகுதிகள் கொண்டது. ஒன்று ஏ.பி.ஐ. சாவி, மற்றொன்று ரகசியச் சாவி. பைனான்ஸ் என்னும் எக்ஸ்சேஞ்சில் இவை ஒவ்வொன்றும் 64 எழுத்துக்களும் எண்களும் கலந்த நீண்ட தொடர். முதலாவது, "கேட்பவன் யார்" என்பதைச் சொல்லும் பெயர்ச் சீட்டு. இரண்டாவது, "கேட்பவன் அவனேதான்" என்பதை மெய்ப்பிக்கும் முத்திரை.

முத்திரை வேலை செய்யும் விதம் ரயில்வே அன்பர்களுக்கு எளிதில் விளங்கும். லெவல் கிராசிங் கதவை மூடிவிட்டேன் என்று கேட்மேன் தொலைபேசியில் சொன்னால், நிலைய அதிகாரி வெறும் வாய்ச்சொல்லை ஏற்பதில்லை. "பிரைவேட் நம்பர்" கேட்பார். கேட்மேன் தம்மிடமுள்ள தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்லி, அதை அடித்துவிடுவார். அடுத்த வண்டிக்கு அடுத்த எண். தாள் அவர் கையை விட்டுப் போவதில்லை. அந்தந்த வேளைக்குரிய எண் மட்டுமே கம்பி வழியே போகிறது.

ஏறக்குறைய அதுபோலவே, செயலி ஒவ்வொரு முறை விவரம் கேட்கும்போதும் ரகசியச் சாவியை அனுப்புவதில்லை. கேள்வியையும் அப்போதைய நேரத்தையும் ரகசியச் சாவியோடு சேர்த்துக் கணித்து, அதிலிருந்து பிறக்கும் கையொப்பத்தை மட்டும் அனுப்புகிறது. நேரம் கடந்து வந்த கையொப்பம் செல்லாது. பைனான்ஸில் பொதுவாக அதற்குத் தரப்படும் அவகாசம் 5 விநாடியே. ஆகவே வழியில் ஒருவன் ஒட்டுக்கேட்டாலும் அவனுக்குப் பெரும் பயன் இல்லை. ஆனால் ரகசியச் சாவியே ஒருவன் கைக்குப் போய்விட்டால், பிரைவேட் நம்பர் தாளையே களவு கொடுத்ததற்கு ஒப்பாகும். அதன் பிறகு அவன் வேண்டியபோதெல்லாம் கையொப்பமிடலாம்.

மூன்று கட்டங்களும் பெரியவரின் கேள்வியும்

சாவிக்குத் தரும் உரிமைகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். காயின்பேஸ் அவற்றை வியூ, டிரேட், டிரான்ஸ்ஃபர் என்று அழைக்கிறது. பைனான்ஸில் எனேபிள் ரீடிங், எனேபிள் ஸ்பாட் அண்டு மார்ஜின் டிரேடிங், எனேபிள் வித்ட்ராயல்ஸ் என்று இருக்கும். பெயர் எதுவாயினும் பொருள் பார்த்தல், வாங்கி விற்றல், வெளியே எடுத்தல் என்பதே.

மூன்றாவது ஆபத்தானது என்று எவரும் அறிவர். நம் பெரியவரும் அறிந்திருந்தார். இரண்டாவதன் ஆபத்தைத்தான் பலர் அறிவதில்லை.

ஒரு மளிகை வியாபாரி வெளியூர் போகிறார். கல்லாப் பணத்தை வீட்டுக்கு எடுத்துப் போக உரிமை இல்லை, ஆனால் கடைக்குச் சரக்கு வாங்கவும் விற்கவும் உரிமை உண்டு என்று சொல்லி ஒருவனைக் கடையில் உட்கார்த்துகிறார். அவன் என்ன செய்கிறான்? தன் மைத்துனனிடம் கிடக்கும் புழுத்த புளியை, ஏலக்காய் விலை கொடுத்துக் கடைக்கு வாங்குகிறான். கல்லாப் பணத்தில் ஒரு காசைக்கூட அவன் தன் மடியில் கட்டவில்லை. வாங்கியதற்கெல்லாம் ரசீது இருக்கிறது. வியாபாரி திரும்பி வரும்போது கடை நிறையப் புளி, கல்லா காலி. பணம் போன இடம் மைத்துனன் பெட்டி.

பெரியவருக்கு நடந்தது இதுவே. யாரும் வாங்காத, மலிவான நாணயம் ஒன்றை மோசக்காரன் முன்னதாகவே வேறு கணக்கில் வாங்கி வைத்திருப்பான். பிறகு பெரியவருடைய சாவியைக் கொண்டு, அவருடைய பிட்காயினை விற்று, அந்த உதவாத நாணயத்தைப் பல மடங்கு விலைக்கு வாங்குவான். அந்த விலைக்கு விற்பவன் அவனே. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். இவர் கணக்கிலிருந்து எதுவும் வெளியே எடுக்கப்படவில்லை. எல்லாம் முறைப்படி நடந்த வியாபாரம் போலவே பதிவாகியிருக்கும்.

இது என் ஊகம் அன்று. உலகறிந்த முன்மாதிரி உண்டு. 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சின் வலைத்தளத்தைப் போலவே ஒரு போலித் தளம் உலவியது. பெயரில் ஒரே வேற்றுமை, இரண்டு எழுத்துக்களின் அடியில் இரண்டு சிறு புள்ளிகள். திரையில் ஒட்டிய தூசு என்று எண்ணத் தக்க புள்ளிகள் அவை. அதை மெய்யென நம்பிப் பலர் தங்கள் கடவுச்சொல்லை அதில் எழுதினர். திருடர்கள் உடனே பணத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு கணக்கிலும் வாங்கி விற்கும் உரிமையுள்ள ஏ.பி.ஐ. சாவி ஒன்றை உண்டாக்கி வைத்துக்கொண்டு பொறுத்திருந்தனர். 7-3-2018 அன்று இரண்டே நிமிடத்துக்குள், அத்தனை கணக்குகளிலிருந்தும் வயாகாயின் என்னும் நாணயத்தை வாங்கிக் குவித்து அதன் விலையை வானளாவ ஏற்றினர். முன்கூட்டியே ஆயத்தமாக நின்ற 31 கணக்குகள் உச்ச விலையில் அந்த நாணயத்தை அவர்களுக்கு விற்றன. எக்ஸ்சேஞ்சின் காவல் ஏற்பாடு அந்த விநோத வியாபாரத்தைக் கண்டு வெளியேறும் வழியைத் தானாகவே அடைத்தது. முறைகேடான வியாபாரங்கள் பின்னர் ரத்துச் செய்யப்பட்டன. அன்று திருடர்கள் தோற்றனர். அந்தக் காவல் எல்லா இடத்திலும், எல்லா இரவிலும் விழித்திருக்கும் என்று நம்பி நாம் உறங்கலாமா?

சாவியை வாங்கி வைத்திருப்பவர் நல்லவராயினும் அவர் வீட்டில் திருட்டுப் போகலாம். திரீகாமாஸ் என்ற நிறுவனம், வாடிக்கையாளரின் ஏ.பி.ஐ. சாவிகளைப் பெற்று அவர்களுக்காக யந்திர முறையில் வாங்கி விற்கும் சேவை நடத்தியது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் பலர் தங்கள் கணக்கில் தாம் செய்யாத வியாபாரம் நடந்ததாக முறையிட்டனர். போலித் தளங்களில் ஏமாந்திருப்பீர்கள் என்று முதலில் அவர்களுக்குப் பதில் வந்தது. 28-12-2022 அன்றுதான், சாவிகள் தங்களிடமிருந்தே வெளியானதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்தச் சாவிகள் பார்வைக்கு மட்டும் உரியவையாக இருந்திருந்தால், திருடன் கணக்கைப் படித்திருப்பான். பணத்தைத் தொட்டிருக்க முடியாது.

சாவி உண்டாக்கும் முறை

எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்சு பக்கங்களின் அமைப்பு மாறும். ஆனால் வேலையின் வரிசை மாறாது. அதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலாவதாக, எக்ஸ்சேஞ்சின் முகவரியை நீங்களே கையால் எழுதித் திறவுங்கள். யாரோ அனுப்பிய இணைப்பைத் தொடாதீர்கள். இரண்டு புள்ளிகளின் கதையை நினைவில் கொள்ளுங்கள். கடவுச்சொல்லோடு இரண்டாம் சரிபார்ப்பும் உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் அதை முதலில் அமையுங்கள். உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிட்டவன் தானே புதிய சாவி உண்டாக்கிக்கொள்வான்.

இரண்டாவதாக, கணக்கின் அமைப்புப் பகுதியில் ஏ.பி.ஐ. மேனேஜ்மென்ட் என்ற இடத்துக்குச் சென்று புதிய சாவி உண்டாக்கும் பொத்தானை அழுத்துங்கள். சாவிக்கு ஒரு பெயர் கேட்கும். "சாவி 1" என்று எழுதாதீர்கள். எந்தச் செயலிக்கு, எந்த ஆண்டு வரிக்கு என்பது விளங்குமாறு எழுதுங்கள். ஓர் ஆண்டு கழித்துப் பார்க்கும்போது எது எவருக்குக் கொடுத்தது என்று தெரிய வேண்டும். ஒரே சாவியை இரண்டு செயலிகளுக்குக் கொடுக்க வேண்டா. ஒன்றில் கசிவு ஏற்பட்டால் எதில் ஏற்பட்டது என்று அறிய முடியாமற்போகும்.

மூன்றாவதாக, உரிமைகள். பைனான்ஸில் புதிய சாவியில் எனேபிள் ரீடிங் ஒன்றில் மட்டுமே முன்னதாகக் குறியிடப்பட்டிருக்கும். ஆகவே நாம் செய்ய வேண்டிய வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பதே! கிராக்கன் என்னும் எக்ஸ்சேஞ்சிலோ பார்வையையே பல கூறுகளாகப் பிரித்திருக்கிறார்கள். இருப்பைப் பார்த்தல், முடிந்த வியாபாரங்களைப் பார்த்தல், பேரேட்டைப் பார்த்தல் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. வரிக் கணக்குக்கு வேண்டிய கட்டங்களில் மட்டும் குறியிட்டால் போதும். அங்கே சாவிக்கு முடிவு நாள் குறிக்கவும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது நன்று. வாங்கல், விற்றல், மாற்றல், எடுத்தல் என்று வினையைக் குறிக்கும் கட்டம் எதிலும் கை வைக்காதீர்கள்.

நான்காவதாக, ஐ.பி. கட்டுப்பாடு. குறிப்பிட்ட இணைய முகவரியிலிருந்து வரும் கேள்விக்கு மட்டுமே இந்தச் சாவி பதில் பெறலாம் என்று வரம்பு கட்டலாம். செயலி நடத்துவோர் தங்கள் நிலையான முகவரிகளை வெளியிட்டிருந்தால் அவற்றை இங்கே எழுதுங்கள். அப்போது சாவி வேறொருவன் கைக்குப் போனாலும், அவன் இடத்திலிருந்து அது திறக்காது. நம் வீட்டு இணைய இணைப்பின் முகவரி அடிக்கடி மாறக் கூடியது. அதை எழுதினால் சில நாளில் சாவி நமக்கே பயன்படாமல் போகலாம்.

ஐந்தாவதாக, ரகசியச் சாவி. அது திரையில் ஒரே ஒரு முறைதான் தோன்றும். பக்கத்தை மூடிவிட்டால் எக்ஸ்சேஞ்சைக் கேட்டாலும் கிடைக்காது. ஆகவே அப்போதே அதை எடுத்து நேரே செயலியின் கட்டத்தில் ஒட்டிவிடுங்கள். படம் பிடித்து வைக்காதீர்கள், வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள், மின்னஞ்சலில் எழுதாதீர்கள். எடுக்க மறந்து பக்கத்தை மூடிவிட்டால் கலங்க வேண்டா. அந்தச் சாவியை நீக்கிவிட்டு வேறொன்று உண்டாக்குங்கள். சாவிக்குப் பஞ்சமில்லை.

ஆறாவதாக, சரிபார்த்தல். சாவிகளின் பட்டியலை மீண்டும் திறந்து, எந்தெந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது என்பதை உரக்கப் படியுங்கள். வீட்டில் இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் மேலும் நன்று. அந்தப் பட்டியலில் நீங்கள் உண்டாக்காத சாவி ஏதேனும் இருந்தால் அந்த நிமிடமே நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

ஏழாவதாக, வேலை முடிந்ததும் நீக்கிவிடுதல். வரிப் படிவம் கொடுத்தாயிற்று என்றால் சாவிக்கு இனி என்ன வேலை? பரிசோதகர் வேலை முடிந்து வண்டி ஏறிய பின்னரும் பதிவேட்டை மேசைமேல் விரித்து வைப்பாருண்டோ?

பார்வைக்கு மட்டும் உரிய சாவி உண்டாக்க வழியே இல்லாத எக்ஸ்சேஞ்சாக இருந்தால், சாவியே வேண்டா. ஆண்டின் பரிவர்த்தனை அறிக்கையைக் கோப்பாக இறக்கிச் செயலியில் ஏற்றுங்கள். சற்று அதிக வேலைதான். ஆனால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எவனும் புளி வாங்க முடியாது.

இந்தச் சாவி காக்காதவை

பார்வைச் சாவி இருக்கிறது என்று முற்றும் கவலையற்று இருந்துவிடலாகாது. அதன் எல்லையையும் அறிய வேண்டும்.

முதலில், பார்ப்பதும் ஒரு பலமே. உங்களிடம் எவ்வளவு இருக்கிறது, எப்போது வாங்கினீர்கள், எப்போது விற்றீர்கள் என்பவை தெரிந்தவன், எக்ஸ்சேஞ்சின் அதிகாரி போலப் பேசி உங்களை எளிதில் நம்ப வைப்பான். "சென்ற செவ்வாயன்று இத்தனை ரூபாய்க்கு வாங்கினீர்கள் அல்லவா?" என்று ஒருவன் சரியாகச் சொன்னால், நம்மில் எத்தனை பேர் சந்தேகிப்போம்? ஆகவே பார்வைச் சாவியையும் நம்பத் தக்கவருக்கே கொடுக்க வேண்டும்.

இரண்டாவதாக, முதலில் பார்வைச் சாவி கேட்டவன் பின்னர், "கணக்குச் சரியாக வரவில்லை; இரண்டாவது கட்டத்திலும் குறியிடுங்கள்" என்று கேட்கக் கூடும். வரிக் கணக்குத் தயாரிக்க வாங்கி விற்கும் உரிமை ஒருபோதும் தேவையில்லை. அப்படிக் கேட்டவனோடு உறவை அன்றே முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, எக்ஸ்சேஞ்சின் பெட்டகமே உடைக்கப்பட்டால் நம் சாவி என்ன செய்யும்? 18-7-2024 அன்று நம் நாட்டின் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறக்குறைய 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. வாடிக்கையாளர் எவ்வளவு ஒழுங்காகச் சாவி வைத்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. இழக்கத் தாங்காத பணத்தை அங்கே வைக்காதிருப்பது ஒன்றே அதற்குக் காப்பு.

தவறு நடந்துவிட்டால் வெட்கத்தில் நாட்களைக் கடத்த வேண்டா. உடனே எல்லாச் சாவிகளையும் நீக்குங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், எக்ஸ்சேஞ்சுக்கு எழுதிக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணில் தேசிய சைபர் குற்ற உதவி மையத்துக்குத் தெரிவியுங்கள். மோசக்காரனின் பேச்சுக்களையும் பரிவர்த்தனைப் பட்டியலையும் அழிக்காமல் வையுங்கள். இவ்விஷயத்தில் மணிக்கணக்கு முக்கியம். பெரியவர் பதினோரு நாட்கள் எவரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பதினோரு நாட்களைப் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். ரகசியச் சாவியை அந்நியனுக்கு எழுதி அனுப்பிய நாம், நடந்த மோசத்தை மட்டும் வீட்டாரிடம் ரகசியமாக வைக்கிறோம். எதை மறைக்க வேண்டுமோ அதைச் சொல்லிவிடுகிறோம்; எதைச் சொல்ல வேண்டுமோ அதை மறைத்துவிடுகிறோம்.

சென்ற ஞாயிறன்று நான் அவர் வீட்டுக்குச் சென்றேன். புகார் எழுதி அனுப்பினோம். பணம் திரும்புமா என்று என்னால் உறுதி கூற இயலவில்லை; அவரும் கேட்கவில்லை. எழுதி முடித்த பிறகு அவர் உள்ளே சென்று அம்மாளை அழைத்து வந்து, தம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். முதல் நாளிலிருந்து நடந்த அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மாள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "கணக்கை நானும் பார்க்கும்படி முன்னமே செய்திருக்கலாம் அல்லவா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்டது ஒரு பார்வைச் சாவியைத்தான். அன்பர்களே, அந்நியர் கேட்கும்போது ஆயிரம் முறை யோசித்துக் கொடுக்க வேண்டிய அந்த ஒன்றை, நம் வீட்டாருக்கு அவர்கள் கேட்கும் முன்னரே கொடுத்து வைப்போமாக.